காலைப் பார்த்துப் பேசும் ஊர்

ஒரு காலத்தில் இந்த ஊரில் ஆளைப் பார்த்தால் முகத்தைப் பார்க்க மாட்டார்களாம். காலைப் பார்ப்பார்களாம். எதிரே வருகிறவர் மாட்டியிருப்பது அடிடாஸா, பூமாவா என்று தெரிந்த பிறகுதான், நின்று நாலு வார்த்தை பேசுவதா, எதிர்ச் சாரிக்கு நகர்ந்து விடுவதா என்று முடிவாகும். அதனால் இந்த ஊருக்குக் கிடைத்த பட்டப் பெயர் 'குனிந்த கழுத்துக்காரர்களின் ஊர்'.

நிஜப் பெயர் ஹெர்ட்ஸோகன்அவுராக். மூச்சு விடாமல் மூன்று தடவை சொல்கிறவர்களுக்கு என் செலவில் ஒரு ஸ்ட்ராங் காபி! உள்ளூர்க்காரர்களே வாய் வலித்துப்போய் 'ஹெர்ட்ஸோ' என்று சுருக்கிவிட்டார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். ஜெர்மனியில் பவேரியா மாநிலம், நியூரம்பெர்க் பக்கம். ஜனத்தொகை சுமார் 24,000. நம் ஊர்க் கணக்கில் ஒரு சுமாரான பேரூராட்சி. ரயில் கிடையாது. எர்லாங்கன் என்ற ஊரிலிருந்து பஸ் பிடித்து வரவேண்டும்.

அந்த எர்லாங்கனில்தான் என் மச்சினனுக்கு கம்ப்யூட்டர் உத்தியோகம். 2025 செப்டம்பரில் அவன் வீட்டில் பத்து நாள் டேரா போட்டேன்.

"அத்தான், ஜெர்மனி வர்றவங்க கோட்டை பாப்பாங்க, பனிமலை பாப்பாங்க. நீங்க என்னடான்னா செருப்புக் கம்பெனி பாக்கணும்ங்கறீங்க. அக்காகிட்ட சொன்னா சிரிக்கப் போறா" என்றான்.

அவன் இன்ஜினீயர். என் கஷ்டம் அவனுக்குத் தெரியாது. நான் பி.காம். 'பிராண்ட் லாயல்டி - சிறுகுறிப்பு வரைக' என்ற ஐந்து மார்க் கேள்விக்கு, 'வாடிக்கையாளர் ஒரே வணிகப் பெயரைத் தொடர்ந்து விரும்பி வாங்குதல்' என்று மனப்பாடம் செய்து எழுதியவன். அந்த ஒரு வரி ஒரு ஊருக்குள் புகுந்து என்ன பாடு படுத்தியது என்பதை நேரில் பார்க்காமல் கோட்டையைப் பார்த்து என்ன செய்வது?

பஸ்ஸை விட்டு இறங்கினால் பழைய ஜெர்மன் ஊர். மரச்சட்டம் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்த வீடுகள், இரண்டு பழைய கோபுரங்கள், ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி. நடுவே அவுராக் ஆறு. ஆறு என்றால் காவிரி கோபித்துக்கொள்ளும். எங்கள் ஊர் வாய்க்கால் அளவுதான். கொஞ்சம் தைரியம் இருந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி அக்கரை போய்விடலாம். இந்த வாய்க்கால்தான் ஐம்பது வருஷத்துக்கு மேல் எல்லைக்கோடாக இருந்தது. இந்தக் கரை அண்ணன், அந்தக் கரை தம்பி.

அண்ணன் பெயர் ரூடால்ஃப் டாஸ்லர். தம்பி அடால்ஃப் டாஸ்லர். கூப்பிடுகிற பெயர் 'அடி'. தமிழில் அடி என்றால் பாதம் என்றும் அர்த்தம், உதை என்றும் அர்த்தம். ரெண்டுமே இந்தக் கதைக்குப் பொருந்தும்.

அப்பா ஷூ ஃபாக்டரித் தொழிலாளி. அம்மா வீட்டிலேயே சலவை செய்து கொடுத்தார். வெளுத்த துணியை வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போடுவது பையன்கள் வேலை. முதல் உலகப்போர் முடிந்து திரும்பிய தம்பி, அம்மாவின் சலவை அறையில் உட்கார்ந்து ஷூ தைக்க ஆரம்பித்தார். தோல் கிடையாது. பட்டாளத்தான்கள் விட்டுப்போன பை, பாராசூட் துணி என்று கிடைத்ததை வெட்டினார். கரண்ட்டும் சரியாக வராது. அதற்கும் வழி கண்டுபிடித்தார். ஒரு சைக்கிளை நிறுத்தி வைத்து, பெல்ட் மாட்டி, ஆளை உட்காரவைத்து மிதிக்கச் சொல்லி மெஷினை ஓட்டினார்!

அண்ணன் வந்து சேர்ந்து, 1924-ல் 'டாஸ்லர் சகோதரர்கள் ஷூ ஃபாக்டரி' பதிவானது. தம்பி வாய் திறக்காத தொழில்காரர். ஒரு ஓட்டக்காரனைப் பார்த்தால் அவன் பாதம் எங்கே மடங்குகிறது, எங்கே தேய்கிறது என்று யோசித்துக்கொண்டிருப்பார். அண்ணன் வாயால் பிழைக்கிறவர். விற்பனை அவர் கையில். இப்படி ஒரு ஜோடி அமைந்தால் எந்தத் தொழிலும் ஓடும். ஓடியது. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸில் அமெரிக்காவின் ஜெஸ்ஸி ஓவன்ஸ் நாலு தங்கம் வாங்கியபோது அவர் காலில் இவர்கள் தைத்த ஆணி வைத்த ஷூ.

பிறகு எப்படி முறிந்தது? ஊரில் ஆளுக்கொரு கதை இருக்கிறது. அதிகம் சொல்லப்படுவது யுத்தகாலத்துக் கதை. குண்டு விழும் ராத்திரி. அண்ணன் குடும்பம் பதுங்கியிருந்த பாதாள அறைக்குள் தம்பி தன் மனைவியோடு நுழைகிறார். "பாவிப் பசங்க, மறுபடி வந்துட்டாங்க" என்கிற மாதிரி ஏதோ முணுமுணுக்கிறார். அவர் திட்டியது மேலே பறந்த விமானங்களை. அண்ணன் தன்னைத்தான் சொன்னதாக எடுத்துக்கொண்டார். யுத்தம் முடிந்து அமெரிக்கப் படை அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனபோது, காட்டிக்கொடுத்தது தம்பிதான் என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது. (கட்சி விஷயத்தில் அண்ணன் தம்பி வித்தியாசம் கிடையாது. இரண்டு பேருமே நாஜிக் கட்சி உறுப்பினர்கள்தான்.) ஒரே வீட்டில் இரண்டு ஓர்ப்படிகளும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை உங்கள் அனுபவத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

1948-ல் பாகப்பிரிவினை. அண்ணன் ஆற்றைத் தாண்டிப் போய்த் தன் பெயரைச் சுருக்கி 'ரூடா' என்று வைத்துப் பார்த்தார். எடுபடாது என்று தோன்றியதோ என்னவோ, 'பூமா' ஆக்கினார். தம்பி 1949-ல் 47 தொழிலாளிகளோடு தன் பெயரின் முன்பாதியையும் பின்பாதியையும் ஒட்டி 'அடிடாஸ்' என்று பதிவு செய்தார். மூன்று கோடு கூட சொந்தச் சரக்கு இல்லை. ஃபின்லாந்தின் கார்ஹு என்ற கம்பெனியிடமிருந்து, இன்றைய கணக்கில் 1,600 யூரோவும் இரண்டு பாட்டில் விஸ்கியும் கொடுத்து வாங்கியது என்று கார்ஹு தரப்பில் சொல்கிறார்கள். உலக வியாபார சரித்திரத்தில் இதைவிட லாபமான விஸ்கி கிடையாது.

ஃபாக்டரி பிரிந்தால் ஃபாக்டரியோடு போகவேண்டியதுதானே? இங்கே ஊரே பிரிந்தது. அடிடாஸ்காரர்களுக்கு ஒரு ரொட்டிக் கடை, பூமாக்காரர்களுக்கு ஒரு ரொட்டிக் கடை. பீர்க் கடையும் அப்படியே. ஃபுட்பால் டீமும் ரெண்டு. ஏ.எஸ்.வி. அடிடாஸ், எஃப்.சி. பூமா. கல்யாணப் பேச்சு எடுத்தால் பெண் வீடு எந்தக் கம்பெனி என்று விசாரித்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேச்சு. குலம் கோத்திரம் கேட்கிற நமக்கு இது புரியாதா என்ன!

இதிலும் பிழைக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ரூடால்ஃப் வீட்டில் ரிப்பேர் வேலை என்றால் ஆசாமிகள் வேண்டுமென்றே அடிடாஸ் மாட்டிக்கொண்டு போவார்களாம். பெரியவருக்குக் கண்ணில் பட்டதும் ரத்தம் கொதிக்கும். "கீழே போய் ஒரு பூமா எடுத்து மாட்டுடா" என்பார். புது ஜோடி இனாம்! இதைக் கேட்டதும் எனக்கு ஜெர்மன்காரர்கள் மேல் ஒரு சொந்தபந்த உணர்வே வந்துவிட்டது.

எதிராளி மேல் கண் வைத்திருப்பதில் இரண்டு வீட்டாரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. 1954 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில். மழை. சேற்றில் வழுக்காமலிருக்க, அடிடாஸ் திருகு ஆணியைக் கழற்றி நீளமானதை மாட்டிக் கொடுத்தது. இரண்டு கோல் பின்தங்கியிருந்த மேற்கு ஜெர்மனி, ஹங்கேரியை 3-2 என்று ஜெயித்தது. அடிடாஸுக்கு உலகப் புகழ். பூமா என்ன சொன்னது? 'திருகு ஆணியை முதலில் போட்டது நாங்கள்!' இந்த வழக்கு இன்றைக்கும் தீரவில்லை.

1960 ரோம் ஒலிம்பிக்ஸில் ஆர்மின் ஹாரி என்ற ஜெர்மன் வீரர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 100 மீட்டரை பூமா போட்டுக்கொண்டு ஓடி ஜெயித்தார். மெடல் வாங்க மேடையேறும்போது காலில் அடிடாஸ்! ஊர்க்காரர்கள் கம்பெனிக்காகப் பெண் கொடுக்காமல், பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். ஓடி ஜெயித்தவரோ ஒரே நாளில் இரண்டு கரைக்கும் போய்வந்துவிட்டார்.

அடுத்த தலைமுறையிலும் இதே கதைதான். தம்பி மகன் ஹோர்ஸ்ட், அண்ணன் மகன் ஆர்மின். 1970 உலகக் கோப்பைக்கு முன், 'பெலேயை மட்டும் ரெண்டு பேரும் தொடவேண்டாம், ஏலம் கேட்க ஆரம்பித்தால் இரண்டு வீடும் திவாலாகும்' என்று ஒரு உடன்பாடு. பங்காளிகள் ஒப்பந்தம் எத்தனை நாள் நிற்கும்? ஆட்டம் தொடங்கும் நேரத்தில் பெலே ரெஃப்ரியிடம் ஒரு நிமிஷம் கேட்டு, குனிந்து, ஷூ லேஸைக் கட்டினார். கேமராக்கள் எல்லாம் அவர் காலைக் காட்டின. பூமா!

இதையெல்லாம் மச்சினனிடம் சொல்லிக்கொண்டே நடந்தபோது எனக்கு எங்கள் ஊர்க் கடைத்தெரு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் ஒன்றாகத்தான் பாத்திரக்கடை வைத்திருந்தார்கள். நான் பிறப்பதற்கு முன்பே பாகம் பிரித்து, எதிரும் புதிருமாக இரண்டு கடை. 'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது' என்று இரண்டு போர்டிலும் எழுதியிருக்கும். நாங்கள் பிராண்ட் லாயல்டி என்று சொன்னதில்லை. அதற்கு எங்கள் பக்கத்துப் பெயர் 'வாடிக்கை'. அப்பாவின் வாடிக்கைக் குடும்பம் பெண்ணுக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்கப் பெரியப்பா கடைப் படி ஏறாது. அவர் வாடிக்கை எங்கள் கடைப் பக்கம் திரும்பாது. அப்பாவின் உத்தியோகமே கல்லாவில் உட்கார்ந்து எதிர்க்கடையைப் பார்ப்பதுதான். எத்தனை குடம் போயிற்று, யார் அண்டா எடுத்தார்கள், என்ன விலைக்கு... ராத்திரி சாப்பாட்டுக்கு இதுதான் எங்கள் வீட்டு நியூஸ்.

நான் ஹைஸ்கூலில் இருந்தபோது வியாபாரம் குறைந்துகொண்டே வந்தது. "எல்லாம் எதிர்த்தாப்பல போயிடுச்சுடா" என்பார் அப்பா. பெரியப்பா வீட்டில் அதே ராத்திரி அதே வார்த்தையை அவர் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது பல வருஷம் கழித்து அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. உண்மையில் போனவர்கள் இரண்டு கடைக்கும் போகவில்லை. பக்கத்து டவுனில் நாலு மாடியில் ஒரு கடை திறந்திருந்தார்கள். முகூர்த்தப் புடவையிலிருந்து குத்துவிளக்கு வரை ஒரே கூரையில், ஏ.சி.யில். வேன் வைத்துக்கொண்டு போனார்கள் எங்கள் வாடிக்கைகள். கல்லாவில் உட்கார்ந்தால் எதிர்க்கடைதான் தெரியும். பஸ் ஸ்டாண்டு தெரியாது.

ஹெர்ட்ஸோவுக்கும் அப்படி ஒரு நாலு மாடிக் கடை வந்தது. வந்த திசை அமெரிக்கா. ஃபில் நைட் என்ற இளைஞர் ஸ்டான்ஃபோர்டில் பிசினஸ் படிக்கும்போது ஒரு கட்டுரை எழுதினார். ஜெர்மன் கேமராவை ஜப்பான் கேமரா ஒரு கை பார்த்ததே, அதேபோல ஜெர்மன் ஷூவை ஜப்பான் ஷூ ஒரு கை பார்க்க முடியுமா என்பதுதான் சப்ஜெக்ட். அண்ணனும் தம்பியும் ஒருவர் வாசலை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நாளில், ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு மாணவன் அவர்கள் இருவர் வாசலையும் பார்த்துக்கொண்டிருந்தான்!

நைட் வேறு யாருமில்லை, கணக்கு எழுதிப் பிழைத்த அக்கவுண்டன்ட். நம்ம காமர்ஸ் கட்சி! 1964-ல் தன் ஓட்டப்பயிற்சி கோச் பில் போவர்மனோடு கூட்டுச் சேர்ந்து, ஜப்பான் ஷூவை இறக்குமதி செய்து, கார் டிக்கியில் வைத்து மைதானம் மைதானமாக விற்றார். 1971-ல் சொந்தப் பெயர்: நைக்கி. அந்தச் சமயம் அமெரிக்காவில் டாக்டர், வக்கீல், குமாஸ்தா என்று சாதாரண ஜனங்களெல்லாம் காலையில் எழுந்து தெருவில் ஓட ஆரம்பித்தார்கள். மெடலுக்காக ஓடுகிறவனுக்குத்தான் ஷூ என்று நினைத்திருந்த ஹெர்ட்ஸோவுக்கு, தொப்பைக்காக ஓடுகிறவன் கண்ணில் படவில்லை. 1980 வாக்கில் அமெரிக்காவில் நைக்கி அடிடாஸை முந்தியாயிற்று. பிறகு மைக்கேல் ஜோர்டன். அவருக்கு ஆசை அடிடாஸ் மேல்தானாம், அவரே சொல்லியிருக்கிறார். 1984-ல் நைக்கி அவரைக் கொத்திக்கொண்டு போயிற்று.

அண்ணன் 1974-லும் தம்பி 1978-லும் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கப்புறம் குடும்பங்களின் கையிலும் கம்பெனிகள் நிற்கவில்லை. பூமாவின் பெரும்பங்கை அண்ணன் பிள்ளைகள் 1989-ல் விற்றார்கள். அடுத்த வருஷம் அடிடாஸ், பெர்னார்ட் தபி என்ற ஃபிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1990-களின் ஆரம்பத்தில் இரண்டுமே நஷ்டத்தில் தள்ளாடின. கை மாறி, ஆள் மாறி, பிறகுதான் இரண்டும் எழுந்து நின்றன.

ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். இரண்டு பேரும் ஒரே தோட்டத்தில்தான், ஆனால் ஒருவருக்கொருவர் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில், எதிரெதிர்க் கோடியில் படுத்திருக்கிறார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தேன். பேசிக்கொண்டே வந்த மச்சினன் பேச்சை நிறுத்திவிட்டான். பெரியப்பா இறந்த அன்று அப்பா கடை திறக்கவில்லை. சாவுக்கும் போகவில்லை. நாள் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பூட்டிய எதிர்க்கடை ஷட்டரைப் பார்த்துக்கொண்டு. அம்மா காபி கொண்டு வந்து வைத்து, அது ஆறி, எடுத்துக்கொண்டு போனாள். தம்பி டாஸ்லர் அந்த 1974-ம் வருஷத்து நாளை எப்படிக் கழித்தார் என்று அவர் கல்லின் முன்னால் நின்றபோது யோசித்தேன்.

இப்போது ஊர் தெளிந்துவிட்டது. 2009 செப்டம்பர் 21, உலக அமைதி தினத்தன்று இரண்டு கம்பெனி ஆட்களும் கலந்து ஒரு ஃபுட்பால் மேட்ச் ஆடினார்கள். இரண்டு தலைமை அதிகாரிகளும் கை குலுக்கிவிட்டு இறங்கி ஆடினார்கள். கரை தாண்டிக் கல்யாணம் சர்வ சாதாரணம். அது மட்டுமா? பூமாவின் தலைவராக இருந்த பியோர்ன் குல்டன் 2023 ஜனவரியில் அப்படியே அடிடாஸின் தலைவராகப் போய் உட்கார்ந்தார். 2025 ஜூலையில் பூமாவுக்குத் தலைவராக வந்த ஆர்தர் ஹோல்ட், கால் நூற்றாண்டுக்கு மேல் அடிடாஸில் இருந்தவர்! பெரியவர்கள் இருந்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருப்பார்கள்.

அவர்கள் சாய்வதற்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1954 மழையிலிருந்து ஜெர்மனி அணி என்றால் அடிடாஸ்தான். 2006 வரை, அந்த அணிக்கு ஆடுகிறவன் அடிடாஸ் ஷூதான் போடவேண்டும் என்றே விதி. இதே ஊரில் வளர்ந்த லோத்தர் மாத்தேயஸின் அப்பா பூமாவில் வேலை பார்த்தவர். நாட்டுக்கு ஆடும்போது பிள்ளை போட்டது மூன்று கோடுதான். அப்படிப்பட்ட ஜெர்மன் கால்பந்துச் சங்கம் 2024 மார்ச்சில் ஒரு அறிவிப்பு விட்டது. 2027 முதல் அணியின் சட்டை... நைக்கி! நைக்கி கொடுக்கும் தொகை அப்படி. மத்திய மந்திரியே, கொஞ்சம் தேசபக்தி இருக்கக்கூடாதா என்று வாய்விட்டு வருத்தப்பட்டார். இதில் வேடிக்கை, அந்த வருஷக் கோடையில் ஐரோப்பியக் கோப்பைக்கு ஜெர்மன் அணி டேரா போட்டது இதே ஹெர்ட்ஸோவில், அடிடாஸ் வளாகத்தில்.

அந்த வளாகம் ஊருக்கு வெளியே, முன்பு அமெரிக்கப் பட்டாளம் தங்கியிருந்த இடத்தில் பரந்து கிடக்கிறது. கண்ணாடிக் கட்டடங்கள், மைதானங்கள், உலகத்தின் எல்லா நிறத்திலும் இளைஞர்கள். குனிந்து குனிந்து அவர்கள் காலையே பார்த்துக்கொண்டு நடந்தேன். என் காலைப் பார்க்க ஆளில்லை. பார்த்திருந்தாலும் குழம்பிப்போயிருப்பார்கள். ஆம்பூரில் வாங்கிய, பேர் ஊர் இல்லாத, நல்ல தோல் ஷூ.

திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது போன் 'டிங்' என்றது. திருச்சியிலிருந்து அக்கா மகன். நான் எங்கே போயிருக்கிறேன் என்று போட்டோ அனுப்பியிருந்தேன் அல்லவா, அதற்குப் பதில். 'சூப்பர் மாமா! வரும்போது எனக்கு ஒரு ஷூ வாங்கிட்டு வாங்க. சைஸ் 9. நைக்கி மட்டும்தான், வேற வேண்டாம்!'

மச்சினனிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"இதை இங்கேயிருந்து தூக்கிட்டுப் போகாதீங்க அத்தான். செய்யாறு சிப்காட்லயே தைக்கிறாங்க. திருச்சியிலேர்ந்து காலம்பர பஸ் ஏறினா மத்தியானம் செய்யாறு போயிடலாம்னு சொல்லுங்க அவனுக்கு" என்றான்.

பஸ் வந்தது. ஏறிக்கொண்டோம்.